அது காலி எடம் இல்ல சார்

சமுதாயக்கூடத்தின் பின்வரிசையிலிருந்து, "அது காலி எடம் இல்ல சார்" என்று ஒரு குரல் எழுந்தபோது, அது தன் மனைவியின் குரல் என்று குமரவேலுக்கு உடனே பிடிபடவில்லை. இருபது வருடமாகக் கேட்டுப் பழகிய குரல்தான். ஆனால் அது அடுப்படியிலிருந்து வரும், தையல் மெஷின் சத்தத்தைத் தாண்டி வரும், தோட்டத்தில் மாட்டை அதட்டும்போது வரும். இப்படி ஊரே உட்கார்ந்திருக்கிற கூடத்தில், ஒலிபெருக்கி வழியாகச் சுவரில் மோதித் திரும்பி அது அவன் காதுக்கு வந்ததில்லை. கபடிக் கழகத்தின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் அதிகாரிகளுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன், பாட்டில் கையிலிருக்க அப்படியே திரும்பினான். செல்வகுமாரி எழுந்து நின்றிருந்தாள். யாராவது பிடுங்கிக்கொண்டுவிடுவார்கள் என்பதுபோல மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

புதுச்சேரியிலிருந்து வந்த அதிகாரி அப்போதுதான் திரையில் படம் காட்டி முடித்திருந்தார். கவிழ்த்த தோணிபோலக் கூரை போட்ட விளையாட்டரங்கம். எட்டாயிரம் பேர் உட்காரலாம். அரசாங்கம் எண்பது கோடி ரூபாய் போட்டுக் கட்டும், கபடி லீகில் புதிதாகச் சேர்ந்திருக்கும் 'கடற்பருந்துகள்' அணியின் கம்பெனி முப்பது வருடக் குத்தகைக்கு எடுத்து நடத்தும். நல்லவேளையாக அரசுப் புறம்போக்கிலேயே காலி இடம் கிடைத்துவிட்டது, ஒருவருடைய நிலத்தையும் எடுக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு, யாருக்காவது கேள்வி உண்டா என்று அவர் கேட்டது வழக்கத்துக்காகத்தான். மைக்கைச் சுற்றில் விட்டதும் வழக்கத்துக்காகத்தான். அது பெண்கள் வரிசைக்குப் போகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

வடமேட்டுப்பாக்கம் பாகூருக்கும் நெட்டப்பாக்கத்துக்கும் நடுவில், கரும்புக்கும் நெல்லுக்கும் மத்தியில் இருக்கிற ஊர். பஸ் உள்ளே வராது. அந்த ஊரின் பெயரை வெளியில் கொண்டுபோனது கபடி ஒன்றுதான். வீரவேல் கபடிக் கழகம் என்றால் கடலூர்ப் பக்கம் வரைக்கும் தெரியும். அதில் பதினைந்து வருடம் இடது மூலையில் நின்றவன் குமரவேல். பாடி வருகிறவனின் கண்ணைப் பார்க்க மாட்டான், இடுப்பைப் பார்ப்பான். இடுப்பு திரும்புகிற பக்கம்தான் கால் வரும். அந்தக் காலின் கணு அவன் கைக்குள் வந்துவிட்டால் ஆட்டம் அதோடு முடிந்தது. மூங்கில் கழியில் டியூப்லைட் கட்டி, தண்ணீர் தெளித்து அடங்கின புழுதியில் ஆடி ஆடி இரண்டு முட்டியும் போயிற்று. இப்போது கழகத்துக்குச் செயலாளர். லீக் ஆட்டங்களை டிவியில் பார்க்கும்போதெல்லாம், மெத்தென்ற விரிப்பில் விழுந்து எழுகிற பையன்களைக் காட்டி, நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இது கிடைத்திருந்தால் என்று அவன் சொல்லாத நாள் இல்லை. அப்படிப்பட்டவனுடைய கொம்யூன் பஞ்சாயத்துக்கே, அவனுடைய ஊருக்கே அரங்கம் வருகிறது என்று செய்தி வந்தபோது பாகூர் கடைத்தெருவுக்குப் போய் லட்டு வாங்கிவந்து வீடு வீடாகக் கொடுத்தான். ஆதரவு மனுவில் முதல் கையெழுத்து அவனுடையது. கம்பெனியின் மேலாளர் வந்து அவன் தோளில் கைபோட்டு, பார்வையாளர் காலரி ஒன்றுக்கு உங்கள் கழகத்தின் பெயரை வைப்போம், உள்ளூர் ஒருங்கிணைப்பாளராக நீங்கள்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதை அவன் வெளியில் அதிகம் சொல்லவில்லை. நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு நடந்தான்.

அரங்கத்துக்குப் பார்த்திருந்த இடம் மேட்டுவெளி. ஊர் முடிகிற இடத்திலிருந்து தார்ரோடு வரைக்கும் கிடக்கிற மேட்டு நிலம். மழைக்காலத்தில் சுற்றிலும் வெள்ளம் நிற்கும்போது அது மட்டும் காய்ந்து கிடக்கும். அறுப்பு நாளில் நெல் காயப்போடுவார்கள், மாட்டை அவிழ்த்துவிடுவார்கள், பொங்கலுக்குக் கபடி நடக்கும். இவையெல்லாம் வந்து போகிறவை. தினம் தவறாமல் நடந்தது ஒன்று உண்டு. இரண்டு வருடமாக அங்கே சாயங்காலத்தில் பெண்கள் எறிபந்து விளையாடினார்கள்.

அது சர்க்கரை வியாதியில் ஆரம்பித்தது. பிள்ளையார்குப்பத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து முகாம் போட வந்தவர்கள், ஊரில் நாற்பது வயது தாண்டின பெண்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை என்று சொல்லி, தினமும் நடக்கச் சொன்னார்கள். நடப்பதற்கு ரோடுதான் உண்டு. ரோட்டில் கரும்பு லாரி வரும், நாய் துரத்தும், எதிரே வருகிறவர்கள் எல்லாம் எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்கள், சும்மா நடக்கிறோம் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஒரு வாரத்தில் சலித்துவிட்டது. அப்போது குமரவேலின் கூட்டாளி அன்புராஜின் மனைவி விஜயகுமாரி, பள்ளிக்கூடத்தில் தான் எறிபந்து ஆடினதைச் சொல்லி எங்கிருந்தோ ஒரு பந்தும் கொண்டுவந்தாள். இரண்டு சவுக்குக் கழி நட்டு, பழைய வலையைக் கட்டி, குதிகாலால் மண்ணில் கோடு கிழித்தார்கள். புடவையில் சிலர், சுடிதாரில் சிலர், நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு சிலர். மளிகைக்கடை கௌஸ் பாஷாவின் மனைவி ரோஷன் பீவி தலையில் துப்பட்டாவை இறுக்கிச் சுற்றிப் பின் குத்திக்கொண்டு வந்து நின்றாள். பந்தை இரண்டு கையால் பிடிக்க வேண்டும், உடனே ஒரு கையால் வலைக்கு மேல் எறிய வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆறே மாதத்தில் பலருக்கு மாத்திரை குறைந்தது. அதைவிட, அந்த ஒரு மணி நேரத்தை யாருக்கும் விட்டுத்தர முடியாது என்றாகிவிட்டது. டீக்கடையில் ஆண்கள் அதைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பார்கள். குமரவேலும் சேர்ந்து சிரிப்பான். செல்வகுமாரி வீட்டுக்கு வரும்போது அவள் முகத்தில் இருக்கும் ஒரு வெளிச்சத்தை மட்டும் கவனித்திருந்தான். அதற்குமேல் ஒன்றும் கேட்டதில்லை.

அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். அந்த இடத்தில் யார் விளையாடுகிறார்கள், பதிவு செய்த அணியா என்று. "நாங்கதான் சார்" என்றாள் செல்வகுமாரி, தன்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைக் கையால் காட்டி. கூடம் சிரித்தது. அவள் அந்தச் சிரிப்பு முடிகிற வரைக்கும் காத்திருந்தாள். அவசரப்படவில்லை, உட்காரவும் இல்லை. சிரிப்பு தானாக வெட்கப்பட்டு அடங்குவதைக் குமரவேல் பார்த்தான்.

"ஸ்டேடியம் வாணாம்னு சொல்ல நான் எழுந்துக்கல சார். எங்க வூட்டுக்காரரு அதுக்குதான் உசுர வுட்டுக்கினு இருக்காரு, அவர எனுக்குத் தெரியும். நல்லா கட்டுங்க. ஆனா கெவுர்மென்ட் பணம்னு சொன்னீங்களே, அது எங்க பணம். நான் தையக்காரி. ஒரு நூல்கண்டு வாங்குனாகூட அதுல வரி கட்டுறேன். எங்க பணத்துல கட்டி, சாவிய கம்பெனி கையில குடுக்கறீங்க. மேட்ச் இல்லாத நாள்ல கதவு தெறந்திருக்குமா? எங்க ஊரு பசங்க உள்ள போவலாமா? நாங்க போவலாமா? அது அக்ரிமென்ட்ல எழுதியிருக்குதா, இல்ல வாயால சொல்றீங்களா? இத்த மட்டும் சொல்லுங்க."

அதிகாரி மேலாளரைப் பார்த்தார். மேலாளர், பரிசீலிக்கிறோம் என்றார். பரிசீலிப்பதென்றால் இங்கே என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும், எங்கள் வடிகால் வாய்க்காலையும் பரிசீலித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று அவள் சொன்னதும் கூடம் மறுபடி சிரித்தது. இந்தத் தடவை அவள் பக்கமாகச் சிரித்தது. அதிகாரிக்கும் சிரிப்பில் வாய் லேசாகக் கோணியது. இடத்தைப் பார்வையிட நாளை மறுநாள் எப்படியும் வருகிறோம், சாயங்காலமாகவே வருகிறோம், நீங்கள் விளையாடுவதையும் பார்த்துவிடுகிறோம் என்றார். பேச்சை முடிக்கிறதற்காகச் சொன்னதாகவும் இருக்கலாம். ஆனால் அதை மைக்கில் சொல்லிவிட்டார்.

கூட்டம் கலையும்போது கம்பெனி மேலாளர் குமரவேலைத் தேடவில்லை. அன்புராஜ் தேடினான். இருவரும் ஒன்றாகக் கபடி ஆடினவர்கள். இவன் இடது மூலை என்றால் அவன் வலது மூலை. வாயில் வந்ததையெல்லாம் சொன்னான். கைக்கு வந்ததை உன் வீட்டிலிருந்தே ஆள் அனுப்பித் தட்டிவிட்டாய், இவர்கள் வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டால் என்ன செய்வாய் என்றான். குமரவேலுக்கும் அதே பயம்தான்.

வீட்டில் செல்வகுமாரி ஒன்றும் நடக்காததுபோலச் சாதம் போட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு. அவன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றான். கோபமாகச் சொல்ல நினைத்தது, குறையாகத்தான் வந்தது.

"சொல்லியிருந்தா வாணாம்னு சொல்லியிருப்பீங்க" என்றாள் அவள். "அப்பறம் நான் பேசுனா உங்க பேச்ச மீறிப் பேசுனதா ஆயிருக்கும். அது எனுக்குப் புடிக்கல."

அவன் அதை மென்றுகொண்டே மிச்சச் சாதத்தைச் சாப்பிட்டு முடித்தான். அவள் யோசிக்காமல் எழுந்துவிட்டாள் என்றுதான் கூடத்திலிருந்து வரும்வரை நினைத்திருந்தான். அப்படி இல்லை. தனக்கு எங்கே அவமானம் வரும், தன் புருஷனுக்கு எங்கே வரும் என்பதுவரைக்கும் பார்த்து, வராத இடமாகப் பார்த்துக் கால் வைத்திருக்கிறாள். மூலையில் நிற்கிறவனுக்கு அந்த நிதானம் எவ்வளவு அருமை என்று தெரியும்.

மறுநாள் சாயங்காலம் கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வரும்போது, வழக்கமாகப் போகிற வரப்பை விட்டு மேட்டுவெளிப் பக்கமாக நடந்தான். முட்செடி ஓரமாக நின்று, இரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்த ஆட்டத்தை முழுதாகப் பார்த்தான். எட்டே பேர்தான் வந்திருந்தார்கள். மற்றவர்களை வீட்டில் விடவில்லை என்று தெரிந்தது. இருந்தாலும் ஆடினார்கள். ரோஷன் பீவியின் எறிதல் தாழ்வாக, வலையை உரசிக்கொண்டு வந்தது. செல்வகுமாரி பின்வரிசையில் இடது மூலையில் நின்றாள். அதைக் கண்டதும் அவனுக்கு உடம்பில் என்னவோ ஓடியது. அந்த இடத்தை அவளுக்கு யாரும் சொல்லித்தந்திருக்க முடியாது. வீட்டில் அவன் கபடி பேசும்போதெல்லாம் அவள் துணி வெட்டிக்கொண்டு தலையைக்கூட நிமிர்த்த மாட்டாள். இப்போது பார்த்தால், எதிர்ப்பக்கம் பந்து கைக்கு வந்ததும் அவள் பந்தைப் பார்க்கவில்லை, எறிகிறவளின் தோளைப் பார்த்தாள். தோள் திரும்பின பக்கத்துக்குப் பந்து கிளம்புவதற்கு முன்பே அவள் கால் கிளம்பிற்று. பிடித்தாள், எறிந்தாள், மறுபடி மூலைக்கு வந்தாள். புடவையை முழங்கால் தெரியாமல் வரிந்து கட்டியிருந்தாள். மூச்சு வாங்கினாள். நாற்பத்திரண்டு வயதில் அவள் அவ்வளவு அழகாக இருப்பது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று குமரவேலுக்குக் கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது. யாருக்கும் தெரியாமல் வந்த வழியே திரும்பினான். வரப்பில் நடக்கும்போது அவன் முகம் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி செல்வகுமாரி மெல்லச் சொன்னாள். இரண்டு பக்கமும் ஏழேழு பேர் வேண்டும், வீட்டில் சமாளித்துவிட்டு நாளைக்கு வருகிறோம் என்றவர்களையும் கூட்டிப் பார்த்தால் ஒரு ஆள் குறைகிறது. விஜயகுமாரி இல்லாமல் வலைக்கு முன்னால் நிற்க ஆள் இல்லை. அன்புராஜ் அவளை வாசலைத் தாண்டக்கூடாது என்று சொல்லிவிட்டான். நீங்கள் போய்ப் பேசுங்கள் என்று அவள் கேட்கவில்லை. விஷயத்தைச் சொல்லிவிட்டு நைந்த பந்துக்கு நூல் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள்.

காலையில் குமரவேல் அன்புராஜின் வீட்டுக்குப் போனான். அன்புராஜ் டிராக்டருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்காமலே, நீ ஊர்ப் பக்கமா, பொண்டாட்டி பக்கமா என்று கேட்டான். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. விஜயகுமாரி காது கொடுக்கிறாள் என்று குமரவேலுக்குத் தெரிந்தது.

"ரெண்டு பக்கமா இருக்குதா இன்னா" என்றான் குமரவேல். "நாம வெளையாடுன காலத்துல உங்கப்பா கழியோட வந்து மேட்டுவெளியில நிப்பாரு. அறுப்ப வுட்டுட்டு இன்னாடா ஆட்டம்னு. நீ அடி வாங்கிக்கினு மறுநாளும் வந்து நின்ன. எதுக்குடா வந்த?"

"அது வேற."

"இன்னா வேற?"

அன்புராஜ் துணியால் கையைத் துடைத்தான். விரல் விரலாகத் துடைத்தான். காலரிக்குப் பேர் வெக்கிறேன்னு சொன்னானேடா என்றான் கடைசியில், சின்னப் பையன்போல. அந்த ஆசை தனக்கும் இருப்பதால் குமரவேலால் அதைக் கேவலமாக நினைக்க முடியவில்லை. வைத்தால் வைக்கட்டும், வைக்காவிட்டால் போகட்டும், நாம் ஆடினது யாரும் பேர் வைப்பார்கள் என்றா என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவந்தான். போன காரியம் பலித்ததா இல்லையா என்று அவனுக்கே தெரியவில்லை.

மதியத்துக்குமேல் பொங்கலுக்கு வீட்டுக்கு அடித்து மீந்த சுண்ணாம்பைத் தூளாக்கி ஒரு சட்டியில் எடுத்துக்கொண்டான். கழகத்தின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டான். வேறு சட்டையில் போகலாமா என்று ஒரு நிமிடம் துணிக்கொடியைப் பார்த்தான். வேண்டாம், இதுதான் சரி என்று பட்டது. மேட்டுவெளிக்குப் போய், கயிறு பிடித்து, குனிந்து, கபடிக்கு எப்படிப் போடுவானோ அதே சுத்தத்தோடு எறிபந்துக் கோட்டைப் போட ஆரம்பித்தான். ஏற்கெனவே சர்வே ஆட்கள் அடித்த சிவப்புத் துணி கட்டின முளைகள் ஆடுகளத்துக்கு நடுவாகப் போயின. அதைப் பிடுங்கவில்லை. அதற்கு இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு வந்தது. டீக்கடையிலிருந்து ஒவ்வொருவராக வந்து வேடிக்கை பார்த்தார்கள். முட்டி வலியில் அவன் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தான்.

பெண்கள் ஊருக்குள்ளிருந்து கும்பலாக வந்தார்கள். தனித்தனியாக வந்தால் தைரியம் போய்விடும் என்று எல்லாரும் செல்வகுமாரி வீட்டில் சேர்ந்து கிளம்பியிருந்தார்கள். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் முன்னால் வந்த ரோஷன் பீவி நின்றுவிட்டாள். செல்வகுமாரி கோட்டைப் பார்த்தாள், சட்டியோடு நிற்கிற புருஷனைப் பார்த்தாள், அவன் சட்டையைப் பார்த்தாள். கோட்டை மிதிக்காமல் தாண்டி உள்ளே போய் மூலையில் நின்றாள்.

அதிகாரி ஜீப்பில் வந்தார். மேலாளர் காரில் வந்தார். ஆடப் பதிமூன்று பேர்தான் இருந்தார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, தார்ரோட்டில் ஒரு பைக் வந்து நின்றது. விஜயகுமாரி பின்னாலிருந்து இறங்கினாள். அன்புராஜ் வண்டியை அணைக்கவுமில்லை, இந்தப் பக்கம் திரும்பவுமில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு எதிரேயிருந்த கரும்பைப் பார்த்தபடி இருந்தான். அவள் ஓடிவந்து வலைக்கு முன்னால் நின்றதும்தான் வண்டிச் சத்தம் நின்றது.

முதலில் மோசமாகத்தான் இருந்தது. இத்தனை ஆண்கள் பார்த்து அவர்கள் ஆடினதில்லை. பந்து கையிலிருந்து நழுவியது, ஒருத்தி புடவை தடுக்கி விழுந்தாள், வேடிக்கை பார்த்தவர்கள் பக்கமிருந்து விசில் வந்தது. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். செல்வகுமாரி அப்போது ஒன்று செய்தாள். பந்தை வாங்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு, கூடத்தில் நின்றதுபோலவே சும்மா நின்றாள். விசில் அடித்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். அடங்கிற்று. அதற்கப்புறம் எறிந்தாள்.

அந்த எறிதலிலிருந்து ஆட்டம் தொடங்கியது என்று சொல்ல வேண்டும். ரோஷன் பீவி பிடித்து வலையை உரசி அனுப்பினாள். விஜயகுமாரி எம்பிப் பிடித்தாள். பந்து தரையைத் தொடாமல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்க்கொண்டே இருந்தது. பிடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கூட்டத்தில் யாரோ ஒவ்வொரு பிடிக்கும் 'ஆ' என்று சொல்ல, கொஞ்ச நேரத்தில் எல்லாரும் சொன்னார்கள். குமரவேல் சட்டியைக் கீழே வைத்துவிட்டான். கடைசியில் எதிர்ப்பக்கத்திலிருந்து கோட்டு மூலையைப் பார்த்து ஒரு பந்து வேகமாக வந்தது. அது வெளியே போகும் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். செல்வகுமாரி விடவில்லை. பின்னால் இரண்டு எட்டு வைத்து, ஒருக்களித்து விழுந்து, மண்ணோடு மண்ணாகப் பந்தை இரண்டு கையிலும் வாங்கினாள். எழுந்தபோது ஒரு பக்கம் முழுக்கச் செம்மண், முழங்கையில் ரத்தம், புடவையில் சுண்ணாம்பு. ரோட்டில் பைக்மேல் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். குமரவேல் தன்னை மறந்து கையைத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் ஜெயித்த கோப்பைகள் எல்லாம் கழக அறையில் வரிசையாக இருக்கின்றன. ஒன்றைக்கூட வாங்கும்போது இப்படி ஆனதில்லை.

மேலாளர் அவன் அருகில் வந்து, செயலாளர் நீங்கள் எங்களோடுதானே என்று தணிந்த குரலில் கேட்டார்.

"ஸ்டேடியத்துக்கு நான் இருக்கேன் சார்" என்றான் குமரவேல். "இந்த எடத்துக்கு அவங்க இருக்காங்க." கொஞ்சம் விட்டு, "அந்த மூலையில நிக்கிறது என் சம்சாரம்" என்றான். அவர் கேட்கவேயில்லை, இவனாகத்தான் சொன்னான்.

அதிகாரி ஆட்டம் முடிகிறவரை நின்றார். அரங்கத்தை வேறு ஊருக்கு மாற்றுவதாகவும் சொல்லவில்லை, இந்த இடத்தை விட்டுவிடுவதாகவும் சொல்லவில்லை. முளைகள் போகிற வழியைக் கூட வந்த பொறியாளரிடம் கேட்டார். கார் நிறுத்துகிற இடம் இந்தப் பக்கம்தான் வரவேண்டுமா, மேற்கே தள்ளினால் என்ன என்று இருவரும் படத்தை ஜீப்பின் முன்பக்கத்தில் விரித்துவைத்துப் பேசிக்கொண்டார்கள். போகும்போது அவர் செல்வகுமாரியைப் பார்த்து, முழங்கைக்கு மருந்து போடுங்கள் அம்மா என்றார்.

அதன்பிறகு ஊரில் பலது மாறியது, சிலது மாறவில்லை. அரங்கம் வந்தது. மேட்டுவெளியின் வடக்குப் பாதியில் தூண்கள் எழுந்தன, கூரைக்கு இரும்பு வந்து இறங்கியது. குமரவேல் தினமும் போய்ப் பார்த்தான். அவனுக்கு அந்தக் கட்டடத்தின்மேல் ஆசை குறையவேயில்லை. காலரிக்குக் கழகத்தின் பெயர் வரவில்லை, ஒரு சிமென்ட் கம்பெனியின் பெயர் வந்தது. ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு அரியாங்குப்பத்திலிருந்து யாரோ ஒருவரைப் போட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று குமரவேலும் அன்புராஜும் டீக்கடையில் ஆளுக்கு இரண்டு டீ குடித்தார்கள், அவ்வளவுதான். கதவு திறப்பது பற்றிய கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை. செல்வகுமாரியும் விஜயகுமாரியும் மாதத்துக்கு ஒருமுறை புதுச்சேரிக்கு பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வருகிறார்கள். அந்த அலுவலகத்தின் வாசலில் இருக்கிற காவலாளிக்கே இவர்களைத் தெரிந்துவிட்டது. பாகூர் பஸ் நிலையத்தில் ஒருநாள் முன்பின் தெரியாத ஒருவர் குமரவேலை நிறுத்தி, நீங்கள் அந்த எறிபந்து அம்மாவின் வீட்டுக்காரர்தானே என்று கேட்டார். கபடி குமரவேல் என்று அழைக்கப்பட்டே பழகினவன். ஒரு கணம் தயங்கினான். பிறகு ஆமாம் என்று சொல்லி, அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, முழங்கை சிராய்த்தது வரைக்கும் விவரமாகச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்தான்.

இந்த மாசியில் அரங்கத்துக்குச் சுற்றுமதில் எழுப்பினார்கள். தார்ரோட்டு ஓரமாக நூல் பிடித்தாற்போல நேராக வருகிற மதில், மேட்டுவெளிக்கு வந்ததும் சட்டென்று உள்பக்கம் மடங்கி, பெண்களின் ஆடுகளத்தை வெளியில் விட்டுச் சுற்றிக்கொண்டு, மறுபடி நேராகப் போகிறது. அங்கே கல் கட்டின கொத்தனார் வெளியூர்க்காரர். இவ்வளவு நீளத்துக்கு நேராக வந்து இந்த இடத்தில் மட்டும் ஏன் முழங்கைபோல மடக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டு மாய்ந்துபோனாராம்.

பூசாத மதில். ஆள் உயரத்துக்குமேல் இருக்கும். ஒருநாள் சாயங்காலம் குமரவேல் தண்ணீர்க் குடத்தோடு போய் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். இப்போதெல்லாம் உட்கார்கிறான். ரோஷன் பீவி எறிந்த பந்து என்றுமில்லாமல் உயரப் போய், வலையைத் தாண்டி, எல்லார் தலையையும் தாண்டி, மதிலுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. அந்தப் பக்கம் வாசல் பூட்டியிருந்தது. யாராவது இருக்கிறீர்களா என்று விஜயகுமாரி குரல் கொடுத்தாள். பதில் இல்லை. பதிமூன்று பேர் செங்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செல்வகுமாரி மட்டும் மதிலைப் பார்க்கவில்லை, அதற்கு மேலே இருந்த வானத்தைப் பார்த்தாள். பார்த்தபடியே, கண்ணை எடுக்காமல், மூலையிலிருந்து ஒவ்வொரு அடியாகப் பின்னால் வந்தாள். கூரையின் இரும்புச் சட்டங்களுக்கு மேல் சாயங்கால வெயில் இன்னும் மிச்சமிருந்தது. உள்ளேயிருந்து முகம் தெரியாத யாரோ வீசிய பந்து, மதிலுக்கு மேல் எழும்பி, அந்த வெயிலில் ஒரு கணம் நின்றது. அவள் இரண்டு கையையும் விரித்து உயர்த்தினாள்.